நவச்சாரப் புகை



நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் ஊருக்கு ஆண்டுதோறும் ஈயம் பூசுபவர் ஒருவர் வருவதுண்டு. மரத்தடியில் சிறு குழியொன்று தோண்டி, துருத்தி பொருத்தி, கரியிட்டு நெருப்பு மூட்டுவார். வீடுகளிலிருந்து செம்பும் பித்தளையுமான பாத்திரங்கள் வந்து குவியும். பாத்திரத்தை நன்கு சூடேற்றி, வெள்ளீயத் துண்டொன்றை அதனுள்ளே தேய்த்து, வெண்ணிறத் தூளொன்றை ஒரு சிட்டிகை தூவிப் பஞ்சினாலே துடைப்பார். குபீரென்று வெண்புகை எழும். புகை விலகியதும் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளிபோல் மின்னும். சிறுவர்களாகிய நாங்கள் அந்த மினுக்கத்தைக் காட்டிலும் புகையையே வியந்து நோக்கினோம். அந்தத் தூளின் பெயர் நவச்சாரம் என்பதை மட்டும் அப்போது அறிந்திருந்தேன்.

அப்புகை யாது? இக்கேள்விக்கு விடை காண எனக்கு நெடுங்காலம் சென்றது. நான் கலைப் பட்டதாரி. வரலாறும் இலக்கியமும் கற்றவன். ஆயினும், முன்னொரு காலத்தில் நான் பணியாற்றிய பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் இல்லாத தவணையொன்றில், வேறு வழியின்றி இரசாயன வகுப்பை நானே ஏற்கவேண்டியதாயிற்று. பாடநூலை முதல்நாள் இரவு நான் படிப்பேன். மறுநாட் காலை மாணவருக்குச் சொல்வேன். ஒருநாள், மூடிய பாத்திரத்தில் நவச்சாரத்தைச் சூடேற்றினால் அது வாயுக்களாகப் பிரியும் என்றும், அவ்வாயுக்களுக்கு ஒரு குறித்த அமுக்கம் உண்டு என்றும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்த மாணவனொருவன் எழுந்து, "சேர், அதே பாத்திரத்திலே நவச்சாரத்தை இரு மடங்காகப் போட்டால் அமுக்கமும் இரு மடங்காகுமா?" என்று வினவினான்.

"ஆம்; விதைத்த அளவுக்குத்தானே விளைச்சல்" என்று நான் சற்றுந் தயங்காது விடையளித்தேன். மாணவரும் அதனைக் குறித்துக்கொண்டனர். நான் சொன்ன விடை பிழையானது. அது ஏன் பிழையானது என்பதை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நவச்சாரத்துக்கு இரசாயன நூலார் இட்ட பெயர் அமோனியங் குளோரைட்டு. அதனைச் சூடேற்றும்போது அது உருகுவதில்லை. கற்பூரம்போல நேரே ஆவியாகி மறைகின்றது. ஆனால் கற்பூரத்துக்கும் இதற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. கற்பூரம் ஆவியானாலும் அதன் மூலக்கூறு கற்பூரமாகவே இருக்கும். நவச்சாரமோ ஆவியாகும்போதே இரண்டாகப் பிளந்துவிடுகின்றது. ஒரு பகுதி மூக்கைத் துளைக்கும் அமோனியா வாயு; மற்றப் பகுதி கடுமையான அமில இயல்புடைய ஐதரசன் குளோரைட்டு வாயு. இவை இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை. சூட்டைவிட்டு வெளியேறிக் குளிர்ந்த காற்றைச் சந்தித்தவுடன் இவை மீண்டும் ஒன்று கூடுகின்றன. கூடியதும் நவச்சாரத்தின் நுண்டுகள்களாகின்றன. மரத்தடியில் நாங்கள் கண்ட வெண்புகை பிரிந்தவை மீண்டும் சேர்ந்ததனால் உண்டான திண்மமே. சேர்வதற்கு முன் அமில வாயு செம்பின் மேலிருந்த ஒட்சைட்டுப் படையை அரித்து நீக்கிவிடுகின்றது. அதனாலேதான் ஈயம் அதிற் பற்றுகின்றது.

பாடசாலை ஆய்வுகூடத்துக்குட் சென்று பார்ப்பவர் இச்சேர்க்கையைச் சூடின்றியே காணலாம். அமோனியாப் போத்தலும் ஐதரோகுளோரிக்கமிலப் போத்தலும் ஒரே அலுமாரியில் வைக்கப்பட்டிருப்பின், நாளடைவில் அலுமாரியின் கண்ணாடியிலும் போத்தல்களின் கழுத்திலும் மெல்லிய வெண்படலம் படியும். துடைத்தாலும் சில வாரங்களில் திரும்பவும் படியும். இரு போத்தல்களிலிருந்தும் கசியும் வாயுக்கள் சந்தித்து நவச்சாரமாக மாறுவதே அப்படலம்.

எனவே, பிரிதலும் சேர்தலும் ஒரே பாதையில் எதிரெதிராகச் செல்லும் இரு பயணங்கள். இத்தகையவற்றை மீளுந் தாக்கங்கள் என்பர். திறந்த பாத்திரத்தில் இப்பயணங்கள் சமப்படுவதில்லை. பிரிந்த வாயுக்கள் காற்றோடு போய்விடுதலால் திண்மம் மேலும் மேலும் பிரிந்து ஈற்றில் ஒன்றும் எஞ்சாது. மூடிய பாத்திரத்திலோ வாயுக்களுக்குப் போக்கிடம் இல்லை. தொடக்கத்தில் பிரிதல் மிகுதி, சேர்தல் குறைவு. வாயுக்கள் பெருகப் பெருக அவை ஒன்றையொன்று சந்திக்கும் வாய்ப்பும் பெருகுகின்றது, சேர்தல் விரைவடைகின்றது. ஒரு கட்டத்தில் ஒரு வினாடியில் எத்தனை மூலக்கூறுகள் பிரிகின்றனவோ அத்தனையே மீண்டும் சேர்கின்றன. அதன்பின் அமுக்கம் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. இதுவே இரசாயனச் சமநிலை.

சமநிலை என்றதும் ஆடாது நிற்கும் தராசே நம் நினைவுக்கு வரும். இச்சமநிலை அவ்வாறானதன்று. வெளிப்பார்வைக்கு அசைவற்றதாயினும் உள்ளே ஓயாத போக்குவரத்து நிகழ்ந்துகொண்டேயிருக்கின்றது. போவோர் தொகையும் வருவோர் தொகையும் ஒத்திருப்பதனாலேயே மொத்தத்தில் மாற்றம் தெரிவதில்லை.

இனி, அந்த மாணவனின் வினாவுக்கு வருவோம். திண்மத்தை இரு மடங்காக்கினால் அமுக்கம் ஏன் இரு மடங்காவதில்லை?

திருவிழாக் காலத்துக் கோயிலொன்றை மனத்திற் கொள்ளுங்கள். ஒரு வாயிலினூடாக நிமிடத்துக்கு நூறு பேர் உள்ளே வருகின்றனர். நூறு பேர் வெளியே செல்கின்றனர். உள்வீதியில் நிற்போர் தொகை மாறாதிருக்கின்றது. இப்பொழுது அதே அளவான இரண்டாவது வாயிலொன்றையும் திறந்துவிடுகின்றோம். அதனூடாகவும் நூறு பேர் வருவர். ஆயின் அதே வாயிலால் நூறு பேர் செல்வர். உள்வீதியின் நெரிசல் கூடியதா? இல்லை. போக்கும் வரவும் இரு மடங்காயின. தொகை முன்போலவே நின்றது.

நவச்சாரத்தின் மேற்பரப்பு அத்தகைய வாயிலாகும். திண்மத்தைக் கூட்டினால் மேற்பரப்புக் கூடும். ஒரு வினாடியிற் பிரியும் மூலக்கூறுகளும் கூடும். ஆனால் வாயுக்கள் மீண்டும் வந்து படிவதும் அதே மேற்பரப்பிலேதான். ஆதலால் சேர்தலும் அதே விகிதத்திற் கூடிவிடுகின்றது. பாத்திரத்தின் அடியிற் கிடப்பது ஒரு பிடியாயினும் ஒரு படியாயினும், அதே வெப்பநிலையில் வாயுக்களின் அமுக்கம் ஒன்றே. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: திண்மம் சிறிதேனும் எஞ்சியிருத்தல் வேண்டும். அது முற்றாகத் தீர்ந்துவிடின், சேர்வதற்கு ஈடாகப் பிரிவதற்கு ஒன்றுமில்லையாதலின் இச்சமநிலை என்ற பேச்சுக்கே இடமில்லை. மிகுதியாகத் திண்மத்தை இடுவதால் விளையும் பயன் சமநிலையை விரைவில் அடைவது மட்டுமே; சமநிலை நிற்கும் இடம் மாறுவதில்லை.

அப்படியாயின் மாறாது நிற்பது எது? அமோனியாவின் அமுக்கத்தையும் ஐதரசன் குளோரைட்டின் அமுக்கத்தையும் பெருக்கினால் வரும் பெருக்கமே அது. வெப்பநிலை மாறாதவரை அப்பெருக்கம் மாறாது. பெருக்கம் எதற்காக? சேர்வதற்கு இரு சாராரும் வேண்டும் அல்லவா? இங்கே ஆறு பேரும் அங்கே ஆறு பேரும் இருப்பின் அவர்கள் சோடியாய்ச் சந்திக்கக்கூடிய வகைகள் ஆறாறு முப்பத்தாறு. சேர்தலின் வேகம் இந்த முப்பத்தாறைப் பொறுத்தது.

பென்சிலும் தாளும் கையிலுள்ள நேயர்கள் பின்வரும் கணக்கைக் குறித்துக்கொள்ளலாம். ஒரு மூடிய பாத்திரத்தில் நவச்சாரம் பிரிந்து, அமோனியா 6 பங்கும் ஐதரசன் குளோரைட்டு 6 பங்குமாகச் சமநிலையில் நிற்கின்றது எனக் கொள்வோம். பெருக்கம் 36. இப்பாத்திரத்தினுள் வெளியிலிருந்து 5 பங்கு அமோனியாவைச் செலுத்துகின்றோம். அக்கணத்தில் அமோனியா 11, மற்றது 6, பெருக்கம் 66. இது அளவுக்கு மிஞ்சியது. ஆகவே சேர்தல் பிரிதலை விஞ்சுகின்றது. இரு வாயுக்களும் ஒன்றுக்கு ஒன்றாகக் கூடித் திண்மமாய்ப் படிகின்றன. எவ்வளவு படியும்? ஒவ்வொன்றிலும் 2 பங்கு. எஞ்சுவன அமோனியா 9, ஐதரசன் குளோரைட்டு 4. ஒன்பது நாலு முப்பத்தாறு. பழைய பெருக்கம் மீண்டுவிட்டது. நாம் வாயுவைச் செலுத்தினோம். பாத்திரத்திலோ திண்மம் பெருகியது. பிரிந்த வாயுக்களுள் ஒன்றை மிகுதியாக வைத்திருந்தால் திண்மம் பிரிவது தடைப்படும் என்னும் உண்மை இதனாற் பெறப்படும். ஆனால் நைதரசன் போன்ற தொடர்பற்ற வாயுவொன்றை அதே பாத்திரத்துட் செலுத்தின், மொத்த அமுக்கம் கூடுமேயன்றி இப்பெருக்கத்துக்கு ஊறு எதுவும் நேராது.

வெப்பநிலை மாறினால் மட்டும் பெருக்கம் மாறும். நவச்சாரம் பிரிவதற்கு வெப்பம் வேண்டும். ஆதலின் வெப்பநிலை ஏற ஏறப் பிரிதல் ஓங்கும். சாதாரண அறையில் அதன் வாயுக்கள் இல்லையென்றே சொல்லத்தக்க அளவினவாயிருக்க, ஏறத்தாழ 340 பாகை செல்சியசில் இரண்டின் அமுக்கமும் சேர்ந்து ஒரு வளிமண்டல அமுக்கத்தை எட்டிவிடுகின்றது. சமநிலையிலுள்ள ஒன்றின்மீது மாற்றமொன்றைப் புகுத்தினால், அம்மாற்றத்தைத் தணிக்கும் திசையிலே அது நகரும் என்று பிரெஞ்சு அறிஞர் இலே சற்றலியே 1884ஆம் ஆண்டில் கூறிய தத்துவம் இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கே அடக்கும்.

இவ்வளவும் இன்று பாடநூலிற் சில பக்கங்கள். ஆனால் இந்த வெண்டூள் ஒரு காலத்தில் இரசாயனவியலின் அடித்தளத்தையே ஐயத்துக்குள்ளாக்கியது. வரலாறு கற்றவனாதலின் அதனைச் சொல்லாது விட எனக்கு மனமில்லை.

ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் சம கனவளவான வாயுக்கள் யாவும் சம எண்ணிக்கையான மூலக்கூறுகளைக் கொண்டிருக்கும் என்று இத்தாலியரான அவகாதரோ 1811இல் கூறினார். அதன் பெருமையை உலகம் நெடுநாள் உணரவில்லை. அவர் நாட்டவரான கன்னிசாரோ 1858இல் அதனை மீண்டும் எடுத்து நிறுவி, அணுநிறைகளைத் துணிவதற்குரிய வழி இதுவே என்று காட்டினார். ஒரு வாயுவின் அடர்த்தியை அளந்தால் அதன் மூலக்கூற்றின் நிறையைக் கணித்துவிடலாம். நவச்சாரத்தின் மூலக்கூற்று நிறை 53.5. ஆனால் அதன் ஆவியின் அடர்த்தியை அளந்தபோது, எதிர்பார்த்ததில் ஏறத்தாழப் பாதியே கிடைத்தது! விதியிற் பிழையா, அளவீட்டிற் பிழையா என்னும் வினா எழுந்தது. விதியை ஏற்காதோருக்கு நவச்சாரம் வலியதொரு சான்றாய் அமைந்தது.

கன்னிசாரோவும் செருமானியரான கொப், கெக்குலே ஆகியோரும் வேறொரு விளக்கம் தந்தனர். ஆவியில் இருப்பது நவச்சாரமே அன்று. அது இரு வாயுக்களாகப் பிரிந்துவிட்டது. ஒரு மூலக்கூறு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு இருக்கின்றன. ஆதலாற் கனவளவு இரு மடங்காயிற்று, அடர்த்தி பாதியாயிற்று. விளக்கம் நன்று, சான்று எங்கே? ஆவியைக் குளிர்வித்துப் பார்த்தால் மீண்டும் நவச்சாரமே கிடைக்கின்றது. பிரிந்ததை எவ்வாறு கையுங் களவுமாகப் பிடிப்பது?

1862இல் பேபால் என்பார் அதற்கொரு வழி கண்டார். இலேசான வாயு பாரமான வாயுவிலும் விரைந்து பரவும். அமோனியாவின் மூலக்கூற்று நிறை 17. ஐதரசன் குளோரைட்டினது 36.5. எனவே நுண்டுளைகளினூடாக அமோனியா ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரைவாகச் செல்லும். அவர் குழாயொன்றிற் கல்நார் அடைப்பொன்றை வைத்து, அதன்மேல் நவச்சாரத்தை இட்டுச் சூடேற்றினார். அடைப்பின் இரு புறத்தும் ஐதரசன் வாயுவை மெல்லச் செலுத்தி, வெளிவருவதைப் பாசிச்சாயத்தாற் சோதித்தார். அடைப்பினூடாக ஊடுருவி வந்த வாயு சிவப்புப் பாசிச்சாயத்தை நீலமாக்கியது: முந்தி ஓடியது அமோனியா. மேலே எஞ்சிய வாயு நீலத்தைச் சிவப்பாக்கியது: பிந்தி நின்றது அமிலம். பிரிந்தவை மீண்டும் சேருமுன் அவற்றுட் கடுகிச் செல்வதைத் தனியே பிரித்துக் காட்டியாயிற்று. அவகாதரோவின் விதியும் தப்பியது.

இதில் வியப்பூட்டும் செய்தி மற்றொன்றுண்டு. வெப்பத்தினாற் பொருள்கள் மீளத்தக்க வகையிற் பிரியும் என்ற கருத்தை 1857இல் வெளியிட்டு அதற்குப் பெயரும் இட்டவர் சேன் கிளேர் தெவில் என்னும் பிரெஞ்சு அறிஞர். அவரே நவச்சார ஆவி அவ்வாறு பிரிந்தது என்பதை ஏற்க மறுத்தார்! இரு வாயுக்களையும் சூடான நிலையிற் சேர்த்தபோது வெப்பம் தோன்றியதைக் கண்டதாகவும், ஆகவே அங்கு அவை கூடியே இருக்கின்றன என்றும் வாதித்தார். தாம் திறந்த கதவினூடாகத் தாமே செல்லத் தயங்கினார் போலும். ஆயினும் அறிவுலகம் அவ்வாதத்தைச் சோதனைகளாலே தீர்த்துக்கொண்டு முன்னேறியது. சேர்தலின் வேகம் பொருள்களின் செறிவைப் பொறுத்தது என்ற விதியை நோர்வே நாட்டவரான குல்டுபேக், வாகே என்னும் இருவர் 1864இல் வகுத்தனர். செருமானியரான ஓர்சுத்துமன் 1869இல் வெப்ப இயக்கவியலின் விதிகளை நவச்சாரம் பிரியும் நிகழ்ச்சிக்குப் பிரயோகித்தார்.

என்னைத் திருத்திய சான்றோ இவர்களிடமிருந்து வந்ததன்று. தெவிலின் வழிவந்த தெபிரே என்பவரிடமிருந்து வந்தது. அவர் 1867இல் தெளிந்த சுண்ணப் பளிங்கை மூடிய பாத்திரத்திற் சூடேற்றி, வெளிப்படும் காபனீரொட்சைட்டின் அமுக்கத்தை அளந்தார். ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஒவ்வோர் அமுக்கம் உண்டு என்றும், அது பளிங்கின் அளவைச் சார்ந்ததன்று என்றும் கண்டார். சுண்ணக் கல் பிரியும்போது தோன்றும் வாயு ஒன்றே. மற்றது திண்மமாகிய சுட்ட சுண்ணாம்பு. ஆதலால் அங்கே பெருக்கவேண்டிய தேவையுமில்லை. அந்த ஒரு வாயுவின் அமுக்கமே மாறாது நிற்கும்.

இது நம் நாட்டவருக்கு நன்கு பழக்கமான நிகழ்ச்சி. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக் கற்பாறைமீது அமைந்தது. 1950இல் உற்பத்தி தொடங்கி 1990 வரை இயங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் உலையிலும், ஊர்ப்புறத்துச் சுண்ணாம்புச் சூளையிலும் நிகழும் முதல் மாற்றம் இதுவே. நூறு கிலோகிராம் தூய சுண்ணக் கல்லைச் சுட்டால் 56 கிலோகிராம் சுண்ணாம்பு கிடைக்கும். 44 கிலோகிராம் வாயுவாகிப் போய்விடும். 700 பாகையில் அவ்வாயுவின் சமநிலை அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. 800 பாகையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 900 பாகையை அண்மிக்கும்போதுதான் அது ஒரு வளிமண்டல அமுக்கத்தை எட்டும். இதனாலேயே சூளைக்கு நெருப்போடு காற்றோட்டமும் இன்றியமையாததாகின்றது. வாயு வெளியேற வழியிருப்பின் சமநிலை என்றும் கைகூடாது. கல் முழுவதும் சுண்ணாம்பாகும். வழியை அடைத்துவிட்டாலோ, எவ்வளவு கல்லை அடுக்கினாலும் வாயு தன் குறித்த அமுக்கத்தை அடைந்ததும் சுடுதல் அவ்வளவில் நின்றுவிடும். கல் மிகுதியென்பதற்காக வாயுவின் அமுக்கம் ஒரு சிறிதும் உயராது.

தெபிரேயின் இச்செய்தியை நான் படித்தது அந்த வகுப்பு நடந்த அன்றிரவு, அடுத்த பாடத்துக்கு ஆயத்தஞ் செய்யும்போது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் வாளாவிருந்தேன். அந்த மாணவனின் குறிப்புப் புத்தகத்தில் என் விடை மையினால் எழுதப்பட்டிருக்கும் என்பதை எண்ணினேன். விதைப்புக்கும் விளைச்சலுக்கும் உரிய பழமொழியை, பொருந்தாத இடத்திற் பொருத்திவிட்டேன்.

மறுநாள் வகுப்பில், முதலில் அவனை அழைத்து, "நேற்று நான் சொன்னது பிழை, அதை வெட்டிவிடு" என்றேன். வகுப்பில் அமைதி நிலவியது. பின் கரும்பலகையில் ஆறாறு முப்பத்தாறையும் ஒன்பது நாலு முப்பத்தாறையும் எழுதி விளக்கினேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்படியென்றால் சேர், முப்பத்தாறு மாறாமல் இருப்பதற்காக உள்ளே எல்லாம் மாறிக்கொண்டிருக்கிறது" என்றான். நான் ஒரு மணி நேரமாகச் சொல்ல முயன்றதை அவன் ஒரு வசனத்திற் சொல்லிவிட்டான்.

அடுத்த முறை நீங்கள் எங்கேனும் ஈயம் பூசுவதைக் காண நேரின், அப்புகையைச் சற்று உற்று நோக்குங்கள். அருகிற் சென்று முகராதீர்கள். பாத்திரத்துக்குச் சற்று மேலே, புகை தொடங்குவதற்கு முன், ஒன்றுமில்லாததுபோல் ஒரு வெற்றிடம் தெரியும். பிரிந்த இரு வாயுக்களும் கண்ணுக்குப் புலனாகாது உலாவும் இடம் அதுவே.